பாதியில் நின்ற பதினொரு பின்னல்கள்

போன ஆண்டு ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில், மர அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பூசண வாடை வந்ததால் அதிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். எங்கள் வீடு குளச்சலில், கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. இங்கே மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறது. ஜூனில் தொடங்கும் மழை ஓய்ந்து துணிமணிகள் சற்று உலர்வதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். இடையில் உப்புக்காற்று ஓய்வதே இல்லை. அன்று நான் எடுத்துப்போட்ட பைகளில், ஒரே கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலைகள் ஏழும், இரண்டு ஊசி கொண்டு பின்னும் நிட்டிங் வேலைகள் நான்கும் இருந்தன. பதினொன்றில் ஒன்றுகூட முடிந்திருக்கவில்லை.

அவற்றில் எட்டை எந்த இடத்தில் விட்டேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு நினைவில் இல்லை. ஒரு காலுக்கு மட்டும் பின்னிய குழந்தைக் காலுறை இருந்தது. அதை எந்த அளவு ஊசியால் பின்னினேன் என்று தெரியவில்லை. கையில்லாமல் நின்றுபோன சிறுவர் ஸ்வெட்டர் ஒன்று நடு வரிசையில் ஊசியோடு கிடந்தது. வேலைகள் பாதியில் நின்றதைவிட, அவற்றை எப்படி நிறுத்தினேன் என்பதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தோன்றியது. வீட்டு வேலை, பிள்ளைகளின் பரீட்சை, உறவில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்று ஏதாவது ஒன்று வந்து எந்தப் பின்னலும் பாதியில் நிற்கத்தான் செய்யும். ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. அந்த முறை தெரியாமல் நான் வீணாக்கிய நூலும் நேரமும் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், குரோஷாவுக்கும் நிட்டிங்குக்கும் நிறுத்தும் விதம் வேறு. குரோஷாவில் எந்த நேரத்திலும் உயிரோடிருப்பது ஒரே ஒரு கண்ணிதான். ஊசியை உருவிவிட்டு யாராவது நூலை இழுத்தால் மொத்த வேலையும் விறுவிறுவென்று பிரிந்து வந்துவிடும். ஆகவே அந்த ஒரு கண்ணியைச் சற்று நீளமாக இழுத்து ஓர் ஊக்கில் மாட்டிப் பூட்டிவிட்டால் போதும், ஊசியை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். நிட்டிங்கில் ஒரு வரிசை முழுவதுமே உயிர்க்கண்ணிகள். அந்த ஊசியே வேறொன்றுக்கு வேண்டுமென்றால், மொட்டை முனையுள்ள தையலூசியில் வேறு நிற நூலைக் கோத்து, எல்லாக் கண்ணிகளையும் அந்த நூலுக்கு மாற்றி, இரு முனையையும் முடிச்சிட்டு வைக்க வேண்டும். ஊசியிலேயே மாதக்கணக்கில் விட்டால் அந்த வரிசை நீண்டுபோய், துவைத்த பிறகும் கோடு விழுந்ததுபோலத் தெரியும். நடு வரிசையில் விடுவதும் நல்லதில்லை. அப்படி விட்டதை மறுபடி கையில் எடுக்கும்போது, உருண்டையிலிருந்து வரும் நூல் வலது கை ஊசியிலுள்ள கடைசிக் கண்ணியிலிருந்து தொங்க வேண்டும். இதைப் பார்க்காமல் திருப்பிப் பிடித்துப் பின்னியதால் அந்தச் சிறுவர் ஸ்வெட்டரின் முன்பக்கத்தில் ஓரிடத்தில் வரிசை பாதியிலேயே திரும்பிக் குட்டையாகி மேடு தட்டியிருந்தது.

எங்கள் மாவட்டத்தில் நூல்வேலை புதிதல்ல. 1819ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. அவர் கற்றுக்கொடுத்தது குரோஷா அல்ல. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் திண்டு லேஸ். அதில் கையை எடுத்தாலும் குண்டூசிகள் பின்னலை அப்படியே பிடித்துக்கொள்ளும். கண்ணியைப் பிடித்துவைக்கக் குரோஷாவில் அப்படி ஒரு திண்டு இல்லை. அந்தப் பொறுப்பு பின்னுகிறவரிடம் வந்துவிடுகிறது.

அடுத்தது சீட்டு. இப்போது என் வீட்டில் எந்தப் பின்னலும் சீட்டு இல்லாமல் பைக்குள் போவதில்லை. பழைய காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் நான்கு விஷயம் எழுதுகிறேன்: ஊசியின் அளவு மில்லிமீட்டரில், நூலின் நிற எண்ணும் எந்தத் தடவை முக்கிய சாயம் என்று காட்டும் சாய எண்ணும், எத்தனையாவது வரிசையில் நிற்கிறது, அடுத்த வரிசையில் முதலில் செய்ய வேண்டியது என்ன. நான்காவதுதான் மிகவும் முக்கியம். முடித்த வரிசையை எண்ணியாவது கண்டுபிடித்துவிடலாம், ஆனால் அடுத்து மனதில் வைத்திருந்ததைப் பின்னலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஊசியின் அளவை மில்லிமீட்டரில்தான் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நிட்டிங் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்கள்தான் இருக்கும். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும். எட்டாம் எண் என்றால் 4 மி.மீ., பத்தாம் எண் 3.25 மி.மீ., பன்னிரண்டாம் எண் 2.75 மி.மீ. அமெரிக்க எண்ணில் எட்டு என்பது 5 மி.மீ. வெறுமனே ‘எட்டு’ என்று எழுதிவைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறொரு டிசைனைப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன்.

தையல்களின் பெயரிலும் இதே குழப்பம் உண்டு, அது எனக்குப் பெரிய நஷ்டத்தைத் தந்தது. எங்கள் ஆலயப் பீட விரிப்புக்கு ஓர் ஓர லேஸ் பின்னித் தருவதாக ஒப்புக்கொண்டு, பழைய ஆங்கிலேயப் புத்தகம் ஒன்றைப் பார்த்துத் தொடங்கினேன். அதில் ‘டபுள்’ என்றால் குட்டையான தையல். நான்கு மாதம் அதைத் தொடாமல் இருந்தபோது, கைப்பேசியில் அமெரிக்கப் பெண்களின் வீடியோக்களைப் பார்த்து வேறு சில பூ டிசைன்கள் பழகினேன். அவர்கள் ‘டபுள்’ என்று சொல்வது, பிரிட்டிஷ் முறையில் ‘ட்ரெபிள்’ எனப்படும் உயரமான தையல். பிரிட்டிஷ் ‘டபுள்’ அவர்களுக்கு ‘சிங்கிள்’. நான் மறுபடி லேஸைக் கையில் எடுத்து, புத்தகத்தில் ‘டபுள்’ என்றிருந்த இடமெல்லாம் உயரத் தையலைப் போட்டுக்கொண்டே போனேன். ஒரு முழம் பின்னிய பிறகு தரையில் விரித்துப் பார்த்தால், முதல் பாதி இரண்டு விரல் அகலமும் பின்பாதி மூன்று விரல் அகலமுமாக இருந்தது. அந்த ஒரு முழத்தையும் பிரித்தேன். கிறிஸ்துமஸுக்கு முன் கொடுக்க வேண்டியதை ஈஸ்டருக்குத்தான் கொடுக்க முடிந்தது. அதன்பிறகு சீட்டில் ‘பிரிட்டிஷ் பெயர்’ அல்லது ‘அமெரிக்கப் பெயர்’ என்றும் சேர்த்து எழுதுகிறேன்.

நூல் போதுமா என்ற கேள்விதான் பலருடைய பின்னல்களை நிறுத்திவிடுகிறது. எனக்கு ஒரு வுல்லன் போர்வை அப்படி நின்றிருந்தது. சதுரச் சதுரமாகப் பின்னி இணைக்கும் போர்வை அது, ஏழுக்கு ஒன்பது என்று 63 சதுரங்கள் வேண்டும். 38 முடிந்திருந்தன. மீதி நூல் இருந்தது, ஆனால் போதுமா என்ற பயத்தில் கைவைக்காமலே விட்டிருந்தேன். சமையலறைத் தராசை எடுத்து ஒரு சதுரத்தை நிறுத்துப் பார்த்தேன், 9 கிராம். மீதியிருந்த நூல் 270 கிராம். இன்னும் 25 சதுரம் பின்னினால் 225 கிராம் போய்விடும், மிஞ்சும் 45 கிராமில் அத்தனை சதுரங்களையும் இணைத்து ஓரமும் கட்ட முடியாது. ஒரு வரிசையைக் குறைத்து ஏழுக்கு எட்டு என்று 56 ஆக்கினால் இன்னும் 18 சதுரம்தான், அதற்கு 162 கிராம் போக 108 கிராம் மிஞ்சும். பத்து நிமிடத்தில் முடிந்த இந்தக் கணக்கைப் போடாததால் அந்தப் போர்வை இரண்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. வரிசையாகப் பின்னும் வேலைக்கும் இதே வழிதான். வரிசை தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் நூலுருண்டையை நிறுத்துப் பார்த்தால் இன்னும் எத்தனை வரிசை வரும் என்று தெரிந்துவிடும். மெல்லிய நூலென்றால் ஒரு வரிசையின் எடை தராசில் சரியாக விழாது, ஐந்து வரிசைக்கு ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள்.

நூல் போதாமல் போய்ப் பிறகு வாங்கச் சென்றால் அதே சாய எண்ணுள்ள நூல் பெரும்பாலும் கிடைக்காது. லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்திலேயே அது அச்சாகியிருக்கும். ஒரே நிற எண்ணுள்ள இரண்டு உருண்டைகள் வேறு வேறு தடவை சாயம் முக்கியவை என்றால், கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வெயிலில் வித்தியாசம் தெரியும். மீனாட்சிபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கிவந்த பச்சை நூல் ஒன்று எனக்கு அப்படித்தான் ஆயிற்று. வேறு வழியில்லையென்றால், பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று சிறிது தூரம் மாற்றி மாற்றிப் பின்னினால் நிறம் மாறும் இடம் பளிச்சென்று தெரியாது. குழந்தைக் காலுறை, கையுறை போன்ற ஜோடிகளுக்கு, தொடங்கும் முன்பே நூலை எடை பார்த்து இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே சமயத்தில் இதில் பத்து வரிசை, அதில் பத்து வரிசை என்று வளர்த்துக்கொண்டு போவதுதான் நல்லது. ஒன்றை முடித்தபின் மற்றொன்றைத் தொடங்கக் கை எழுவதில்லை.

பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். குளச்சல் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்கிறவர்களைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓட்டையைக் கண்டவுடன் ஊசியை ஓட்டுவதில்லை. முதலில் கத்தியை எடுத்து, பிய்ந்து தொங்கும் கண்ணிகளை அறுத்து, முழுக்கண்ணி வரும் இடம்வரை ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். அதன்பிறகுதான் புது நூல் ஏறும். கடைசி இரண்டு மூன்று வரிசை சந்தேகமாக இருக்கும் பின்னலுக்கும் நான் அதையே செய்கிறேன். இது சரி என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரு வரிசைவரை பிரித்துவிட்டு, அங்கிருந்து தொடங்குகிறேன். நிட்டிங்கில் பிரிக்கும் முன், அந்த நல்ல வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்துவிட்டால் பிரிப்பு அங்கே வந்து நின்றுவிடும்.

முழுவதும் பிரித்தவை மூன்று. அந்தச் சிறுவர் ஸ்வெட்டர் குன்னூரிலிருக்கும் அண்ணன் மகனுக்காகத் தொடங்கியது. அவனுக்கு இரண்டு வயதாக இருந்தபோது போட்ட அளவு அது, இப்போது அவனுக்கு ஐந்து. மைனியிடம் தொலைபேசியில் சொன்னபோது, “அதைப் பிரிச்சு அவனுக்கு ஒரு தொப்பி போட்டுக் குடுத்திரு, இங்க குளிருக்குத் தொப்பிதான் வேணும்” என்றார். கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் பிரிக்க வேண்டும், தொடங்கிய முனையிலிருந்து பிரிந்து வராது. பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நிழலில் கொடியில் தொங்கவிட்டேன். ஆட்டுக் கம்பளியாக இருந்தால் சுருள் நன்றாக விட்டுவிடும். அக்ரிலிக்கில் முழுவதும் போகாது, ஆனாலும் தொப்பிக்குப் போதுமான அளவு நிமிர்ந்தது. அக்ரிலிக்கின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், இழை உருகிப் பளபளத்துவிடும்.

ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. மெல்லிய பருத்தி நூலில் ஒரு மணி நேரம் பின்னினால் எனக்கு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். அப்போது தடித்த ஊசி வேலைக்கு மாறினால் கை வேறு விதமாக அசைந்து வலி குறைகிறது. மழையில் மின்சாரம் போய் எமர்ஜென்சி விளக்கில் உட்கார்ந்திருக்கும்போது கறுப்பு நூலில் ஒரு கண்ணியும் தெரியாது, வெள்ளை வுல்லன் தெரியும். நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் உள்ளங்கையில் அடங்கும் சதுரத்தைப் பின்னலாம், மேசை விரிப்பை அங்கே விரிக்க முடியாது. இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப மூன்று வேலை நடப்பில் இருக்கலாம் என்பது என் கணக்கு. நான்காவதைத் தொடங்க ஆசை வந்தால், மூன்றில் ஒன்று முடிய வேண்டும், அல்லது சீட்டெழுதிப் பைக்குள் போக வேண்டும். புது நூல் வாங்கி வந்த அன்று இந்த விதியைக் காப்பது கடினமாகத்தான் இருக்கிறது.

பைகளைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவைத்தவைதான் எனக்குப் பூசணம் பிடித்தன, உள்ளே புகுந்த ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. பழைய வேட்டியில் தைத்த பைகளுக்கு மாற்றிய பிறகு அந்தத் தொந்தரவு குறைந்தது. மழை விட்ட நாட்களில் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுகிறேன், நேர்வெயிலில் நிறம் வெளிறும். அந்துப்பூச்சி தின்பது ஆட்டுக் கம்பளியைத்தான், அக்ரிலிக்குக்கும் பருத்திக்கும் அந்தப் பயம் பெரிதாக இல்லை. கஞ்சி போட்ட பருத்தியை வெள்ளிப்பூச்சி அரிக்கும், ஆகவே முடியாத பருத்தி வேலைக்குக் கஞ்சி போடாதீர்கள். குழந்தை உடுப்புகள் இருக்கும் பையில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு அதிலுள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். நான் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கிறேன்.

பதினொன்றில் நான்கை முடித்தேன், மூன்றைப் பிரித்தேன். இரண்டை நின்ற இடத்திலேயே ஓரம் கட்டி, ஒன்றைக் கூடை மூடியாகவும் மற்றொன்றைக் கைப்பையாகவும் ஆக்கினேன். ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை கற்றுக்கொள்வதற்காகச் சீட்டோடு கொடுத்தேன். மீதி ஒன்று என் மாமியாருடையது.

அது 20ஆம் எண் வெள்ளைப் பருத்தி நூலில், நடுவிலிருந்து வட்டமாக விரியும் அன்னாசி டிசைன் மேசை விரிப்பு. சிறுவயதில் கன்னியர் மடத்தில் கற்றவர் அவர், எதையும் தாளில் எழுதிப் பழக்கமில்லாதவர். 43 சுற்று முடித்திருந்தபோது கண்ணில் புரை வளர்ந்து நூல் தெரியாமல் போயிற்று. “நூலு கண்ணுக்குத் தெரியல்ல மக்களே, இனி நீ முடிச்சிரு” என்று என்னிடம் கொடுத்திருந்தார். எஃகு ஊசியை அதிலேயே விட்டு நான் அலமாரியில் வைத்தேன், உப்புக்காற்றில் ஊசி துருப்பிடித்து நான்கு கண்ணிகளில் பழுப்புக் கறை ஏறிவிட்டது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, அலசி, மறுநாளும் அதையே செய்தேன். கிட்டப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குக் கறை மங்கியது. பருத்தியும் வெள்ளையும் என்பதால்தான் இதைச் செய்தேன், சாயநூலில் இதைச் செய்யக் கூடாது.

மீதிச் சுற்றுகள் எப்படிப் போகும் என்று கேட்டபோது மாமியால் சொல்ல முடியவில்லை. “மூணு செயின் போட்டு… அடுத்து அங்க குத்தி…” என்று தொடங்கிக் கை காற்றில் அசைந்ததே தவிர வார்த்தை வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு வழி தோன்றியது. 4 மி.மீ. ஊசியையும் தடித்த சிவப்பு வுல்லனையும் அவர் கையில் கொடுத்து, அன்னாசியின் ஒரு கொத்தை மட்டும் நடுவிலிருந்து பின்னச் சொன்னேன். வாசல்படியில் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது ஆள்காட்டி விரலில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டைவிரல் நுனியால் முந்திய சுற்றின் வளைவுகளைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டு, ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமல் பின்னினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலையும் எழுதினேன். அன்னாசி கூம்பி வரும்போது சுற்றுக்கு ஒரு வளைவாகக் குறைந்து, கடைசியில் ஒரே வளைவில் முடிகிறது. இரண்டு மாலைகளில் மீதியிருந்த பதினேழு சுற்றும் தாளுக்கு வந்துவிட்டன. வீட்டில் பின்னத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், கண் மங்கினாலும் கை ஓடும் காலத்திலேயே தடித்த நூலில் இப்படி ஒரு மாதிரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துரு ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே 1.25 மி.மீ. அளவில் புது ஊசி வாங்கி நான் தொடர்ந்த நான்கு சுற்றுகளை மாமியின் மடியில் விரித்தபோது, அவர் விரலால் தடவிப் பார்த்து, “இங்கேருந்து இறுகிப்போச்சு மக்களே, விரிப்பு கிண்ணம்போலக் குழிஞ்சிரும்” என்றார். தரையில் விரித்தேன், ஓரம் மேலெழும்பித்தான் நின்றது. அவர் கை தளர்வு, என் கை இறுக்கம். ஒரே ஊசி என்பதால் ஒரே அளவு வராது. ஒருவரே ஆறு மாதம் விட்டுத் தொடர்ந்தாலும் இறுக்கம் மாறக்கூடும் என்பதால், ஓர் ஓரத்தில் சிறிது பின்னி, பழைய பின்னலில் பத்துத் தையல் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்று அளந்து ஒப்பிட்டுப் பார்த்தபின் தொடர வேண்டும். நான்கு சுற்றையும் பிரித்து, 1.5 மி.மீ. ஊசியில் மறுபடி பின்னினேன். அளவு ஒத்துவந்தது.

வெளிச்சுற்று ஒன்றுக்கு எனக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகிறது, வாரத்துக்கு ஒன்றுதான் நடக்கிறது. இன்று மாலை பையில் வைக்கும்போது குத்திய சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘ஊசி 1.5. பிரிட்டிஷ் பெயர். 51 முடிந்தது. 52: அன்னாசியில் ஐந்து வளைவு, இடையில் ஏழு செயின். மாமியிடம் தடவிப் பார்க்கக் கொடுக்கவும்.’